அலாஸ்கா குரூஸ்: கப்பலுக்கு முன் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

அலாஸ்கா குரூஸ் போக நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கப்பலின் படங்களைத்தான் பார்க்கிறார்கள். நீச்சல்குளம் எத்தனை, ரெஸ்டாரன்ட் எத்தனை, மேல்தளத்தில் என்ன விளையாட்டு. கரீபியன் கடலுக்கு அது போதும். அலாஸ்காவில் அப்படித் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான். ஒரே மாதம், ஒரே ஏழு இரவு, ஏறக்குறைய ஒரே கட்டணம் என்றிருக்கும் இரண்டு பயணங்களில் ஒன்று பனியாற்றின் முகப்புக்கு நேர் எதிரே போய் நிற்கும். மற்றது சில மைல் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பும். கப்பலின் படத்தைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் முடிவெடுக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பாதை, அடுத்து பனியாறு, அடுத்து மாதம், அதற்குப் பின் ஒவ்வொரு துறைமுகத்திலும் கிடைக்கும் நேரம். இந்த நான்கும் முடிவானால் எந்தக் கம்பெனி என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

பாதை: மூன்றே மூன்று வகை

பெரிய கப்பல்களின் அலாஸ்கா பயணங்களில் பெரும்பாலானவற்றை மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவது, கனடாவின் வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்குவது, வான்கூவருக்கும் தென்மத்திய அலாஸ்காவின் சீவர்ட் அல்லது விட்டியருக்கும் இடையே ஒரு வழியாகப் போவது.

இதில் அமெரிக்காவின் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே வருகிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள, அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல், பயணிகளை ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. பெரிய குரூஸ் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் கப்பல் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்பதால்தான் அந்தப் பட்டியல்களில் கனடாவின் விக்டோரியா இருக்கிறது. ஒரு வழிப் பயணம் சியாட்டிலை விட்டுவிட்டு வான்கூவரில் தொடங்குவதும் இதே காரணத்தால்தான். சியாட்டிலில் ஏறியவர் வழியிலுள்ள அலாஸ்காத் துறைமுகமான ஜூனோவில் இறங்கிக்கொள்கிறேன் என்று பாதியில் இறங்கினால், நூற்றுக்கணக்கான டாலர் அபராதம் கப்பல் கம்பெனி வழியாக அவர் தலையில் விழும்.

சியாட்டில் பாதையின் வசதி விமானக் கட்டணம். அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்தும் அங்கே வருவது எளிது. ஆனால் சியாட்டில் கப்பல்களில் பெரும்பாலானவை வான்கூவர் தீவின் மேற்குப் பக்கம், திறந்த கடல் வழியாகப் போகின்றன. முதல் நாளும் கடைசி நாட்களும் அலையில் ஆடும். குமட்டல் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. வான்கூவர் கப்பல்கள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நீர்வழியில் போகும். இரண்டு பக்கமும் காடு, தண்ணீரோ ஏரி மாதிரி. சீமோர் நெரோஸ் என்ற இடுக்கை நீரோட்டம் அடங்கும் வேளை பார்த்துத்தான் கப்பல்கள் கடக்கின்றன. அங்கே பல கப்பல்களைப் பலி வாங்கிய ரிப்பிள் ராக் என்ற நீரடிப் பாறையை 1958-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரவில் கடந்தால் பார்க்க முடியாது. பகலில் கடக்கும் நாள் வாய்த்தால் தளத்தை விட்டு நகராதீர்கள்.

ஒரு வழிப் பாதையில்தான் காட்சி அதிகம். திரும்பி வரும் தூரம் மிச்சமாவதால் அந்த நேரத்தில் ஹப்பர்ட் பனியாறோ காலேஜ் ஃபியோர்டோ (ஃபியோர்டு என்பது செங்குத்தான மலைகளுக்கு நடுவே நீளும் ஒடுங்கிய கடற்கால்) சேர்ந்துகொள்ளும். தெனாலி தேசியப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்களுக்கு இதுதான் பொருத்தமான பாதை. ஆனால் ஏறும் ஊர் ஒன்று, இறங்கும் ஊர் வேறு என்பதால் விமானச் செலவு கூடும். கப்பல் நிற்பது விட்டியரிலா சீவர்டிலா என்றும் பாருங்கள். ஆங்கரேஜிலிருந்து விட்டியர் சுமார் 60 மைல், சீவர்ட் சுமார் 125 மைல். விட்டியருக்கு இரண்டரை மைல் நீளச் சுரங்கப்பாதை வழியாகத்தான் போக முடியும். ரயிலும் காரும் ஒரே பாதையை முறை வைத்துப் பயன்படுத்துகின்றன. இறங்கிய அன்று மதியத்துக்கு முன் விமானம் போட்டால் படபடப்புதான் மிஞ்சும்.

பனியாறு: பயணத்தின் உயிர்

விளம்பரத்தில் "பனியாற்றுக் காட்சி" என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பனியாறு என்று கேளுங்கள். பதில் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு குரூஸ் கப்பல்களுக்குத்தான் அனுமதி. அனுமதியில் பெரும்பகுதி பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா ஆகிய இரண்டு கம்பெனிகளிடமும், ஓரளவு நார்வீஜியனிடமும் இருக்கிறது. காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் சிறுபடகில் வந்து கயிற்றேணியில் ஏறிக் கப்பலுக்குள் வருவார்கள். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். வாய்முகத்திலிருந்து உள்கோடி வரை சுமார் 65 மைல். 1794-இல் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆய்வுக் குழு வந்தபோது இந்த விரிகுடாவில் பெரும்பகுதி பனியால் மூடிக் கிடந்தது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. உள்ளே போகப் போக மரங்கள் குட்டையாகி, புதராகி, கடைசியில் வெறும் பாறையாகும். பனி எந்த வரிசையில் விலகியது என்பதை அந்தக் கரையே காட்டிக்கொண்டு வரும். கோடியில் மார்ஜரி பனியாறு: ஒரு மைல் அகலம், நீருக்கு மேல் சுமார் 250 அடி. கப்பல் இன்ஜினை அடக்கி மெதுவாகத் திரும்பி நிற்கும். முகப்பிலிருந்து பனி சரிவதைக் கண் முதலில் பார்க்கும். இடி போன்ற சத்தம் ஓரிரு நொடி கழித்துத்தான் காதுக்கு வரும். சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்து முடிந்திருக்கும். ஆகவே முகப்பில் நீலம் அடர்ந்திருக்கும் இடத்தையும், சிறு துணுக்குகள் உதிரத் தொடங்கும் இடத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருங்கள்.

பக்கத்திலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கிளைக்குள் மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை குரூஸ் கப்பல்கள் நுழையக் கூடாது. கடல்நாய்கள் குட்டி போட்டு வளர்க்கும் இடம் அது. அதையும் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு செப்டம்பர்தான்.

ஹப்பர்ட், அளவில் எல்லாவற்றையும் மிஞ்சும். நீளம் சுமார் 76 மைல், முகப்பின் அகலம் சுமார் 6 மைல். உலகெங்கும் பனியாறுகள் சுருங்கும் காலத்தில் முன்னேறிக்கொண்டிருக்கும் பனியாறு இது. 1986-இலும் 2002-இலும் ரஸல் ஃபியோர்டின் வாயையே அடைத்துவிட்டது. சிக்கல் எங்கே என்றால், முகப்பிலிருந்து உடைந்த பனிக்கட்டிகள் விரிகுடாவில் மிதந்து வழியை மறிக்கும். அன்றைய பனியைப் பார்த்து எவ்வளவு கிட்டப் போகலாம் என்று கேப்டன் முடிவெடுப்பார். பருவத்தின் தொடக்கத்தில் சில மைல் தள்ளியே திரும்ப நேரலாம். ஹப்பர்ட் மட்டும் உள்ள பயணம் என்றால் ஜூலைக்குப் பிந்தைய தேதி பாதுகாப்பு.

எண்டிகாட் ஆர்ம், டிரேசி ஆர்ம் இரண்டும் ஜூனோவுக்குத் தெற்கே உள்ள ஒடுங்கிய ஃபியோர்டுகள். டிரேசி ஆர்மில் 2025 ஆகஸ்ட் 10 அன்று பெரிய நிலச்சரிவு ஏற்பட்டுச் சுனாமி அலை எழுந்தது. அதற்குப் பிறகு கம்பெனிகள் எண்டிகாட் பக்கம் திரும்பியிருக்கின்றன. பழைய வழிகாட்டிகளை நம்பி டிரேசியை எதிர்பார்க்காதீர்கள். எண்டிகாட்டின் கோடியில் டாஸ் பனியாறு. பெரிய கப்பல் கடைசி வரை போகாமல் திரும்பும் நாட்களும் உண்டு. கப்பலிலிருந்தே சிறு படகுக்கு மாறி முகப்புக்கு அருகே போகும் சுற்றுலா இருந்தால், அந்தப் பணம் வீணாகாது.

காலேஜ் ஃபியோர்டில் ஹார்வர்ட் முதலான கல்லூரிப் பெயர்கள் கொண்ட பனியாறுகள் வரிசையாக இறங்குகின்றன. அழகான இடம்தான், ஆனால் மாலை வெளிச்சத்தில் கடந்துபோவது. கிளேசியர் பேயுடன் கூடுதலாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். அதையே முதன்மையாக நம்பிப் போக வேண்டாம்.

வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் என்றால் கிளேசியர் பே உள்ள பயணத்தையே எடுங்கள். ஒரு முழுப் பகல் உள்ளே இருக்கும் வாய்ப்பு மற்ற இடங்களில் கிடைக்காது.

மாதம்

பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை போகிறது. மே மாதம் தென்கிழக்கு அலாஸ்காவில் மழை குறைவு, கட்டணமும் குறைவு, மலையுச்சிகளில் பனி படர்ந்து படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் உயரத்திலுள்ள நடைபாதைகள் பனிக்குள் இருக்கும். ஆற்றில் மீனும் இராது, மீன் பிடிக்கும் கரடியும் இராது. ஜூனில் ஜூனோவில் பகல் வெளிச்சம் 18 மணி நேரம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை சால்மன் மீன்கள் ஓடைகளில் ஏறும். கரடி பார்க்க இதுதான் காலம். கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் மே முதல் செப்டம்பர் வரை இருக்கின்றன, நடுப்பகுதியில் அதிகம். ஆகஸ்ட் இறுதிக்குப் பின் மழை வலுக்கும், கடலும் கரடுமுரடாகும். பதிலுக்கு, இரவு இருட்டத் தொடங்குவதால் வானம் தெளிந்த இரவில் வடதுருவ ஒளி தெரிய வாய்ப்புண்டு. அதை மட்டும் நம்பிக் கப்பலேறக் கூடாது. மேகம் அங்கே அன்றாட விஷயம்.

துறைமுக நேரத்தைப் படிப்பது எப்படி

பயணப் பட்டியலில் ஊர்ப் பெயர்களைப் பார்த்துவிட்டு நேரத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் கெச்சிக்கன் காலை 7 முதல் 1 வரை, ஜூனோ மதியம் 1:30 முதல் இரவு 10 வரை, ஸ்காக்வே காலை 7 முதல் இரவு 8 வரை, விக்டோரியா இரவு 8 முதல் நள்ளிரவு வரை. இரண்டாவதில் கெச்சிக்கன் காலை 10 முதல் 6 வரை, ஜூனோ காலை 8 முதல் இரவு 9 வரை, ஸ்காக்வே முழுநாள், விக்டோரியா இல்லை. விளம்பரத்தில் முதலாவது "நான்கு துறைமுகங்கள்", இரண்டாவது "மூன்று". கரையில் கிடைக்கும் பகல் நேரம் இரண்டாவதில்தான் அதிகம். விக்டோரியாவின் இரவு நான்கு மணி நேரம் சட்டத்துக்காக வைத்தது. அதை ஒரு துறைமுகமாக எண்ணாதீர்கள்.

பட்டியலிலுள்ள நேரத்தில் முன்னும் பின்னும் கழிக்க வேண்டும். இறங்க அரை மணி. புறப்படுவதற்கு அரை மணி முன்பே எல்லோரும் ஏறியாக வேண்டும். அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கப்பல் நேரத்தைத்தான் கைக்கடிகாரத்தில் வையுங்கள். போனின் தானியங்கி நேரத்தை நம்பிக் கப்பலைத் தவறவிட்டவர்கள் உண்டு.

ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. திமிங்கிலம் பார்க்கும் படகுகள் ஊரிலிருந்து சுமார் 12 மைல் தள்ளி ஆக் பேயில் கிளம்புகின்றன. போய்வர மூன்றரை மணி நேரமாவது ஆகும். மெண்டென்ஹால் பனியாறும் அதே திசையில் அதே தூரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். எண்டிகாட் ஆர்மைக் காலையில் பார்த்துவிட்டு மதியம் வரும் கப்பல்களில் நேரம் போதாமல் போவது இதனால்தான். நகரப் பேருந்து மெண்டென்ஹால் பார்வையாளர் மையத்துக்கு ஒன்றரை மைல் முன்பே இறக்கிவிடும், மீதி நடை. ஆகஸ்டில் மேலேயுள்ள பனி ஏரி உடைந்து வெள்ளம் வருவது கடந்த சில ஆண்டுகளாக நடக்கிறது. அந்த மாதத்தில் போகிறவர்கள் முதல் நாளே நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயில். தங்க வேட்டைக் காலத்தில் 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த குறுகிய பாதை. 20 மைலில் 2,865 அடி உயரத்துக்கு ஏறுகிறது. ஏறும்போது இடப்பக்கம்தான் பள்ளத்தாக்கு. உச்சி வரை போய்த் திரும்பும் ரயிலில் இறங்கும்போது இருக்கை மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். யூக்கான் வரை போகும் சுற்றுலா கனடாவுக்குள் நுழைகிறது; கப்பலில் வைத்துவிட்டு வந்த பாஸ்போர்ட்டால் பலருடைய நாள் கெட்டிருக்கிறது.

கெச்சிக்கனில் மழை கொட்டும். நீரில் இறங்கும் விமானத்தில் மிஸ்டி ஃபியோர்ட்ஸ் பார்ப்பது அற்புதம். மேகம் தாழ்ந்தால் ரத்து, பணம் திரும்பும். மாற்றுத் திட்டமாக சாக்ஸ்மனிலோ டோட்டம் பைட்டிலோ உள்ள, பழங்குடியினர் செதுக்கிய டோட்டம் மரத்தூண்களைப் பார்ப்பதைக் கையில் வைத்திருங்கள். நார்வீஜியன் கப்பல்கள் பெரும்பாலும் ஊருக்கு 7 மைல் வடக்கே வார்ட் கோவ் என்ற இடத்தில் நிற்கின்றன. ஊருக்குள் நடந்தே சுற்றலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. சிட்காவிலும் பெரிய கப்பல்கள் ஊருக்கு வெளியே நின்று ஷட்டில் பேருந்து விடுகின்றன. ரஷ்யர்கள் ஆண்டபோது அலாஸ்காவின் தலைநகராக இருந்த, 1867-இல் அலாஸ்கா அமெரிக்காவுக்குக் கைமாறிய ஊர் இது. அடிக்கடி பட்டியலில் வருவதில்லை, வந்தால் விடாதீர்கள். ஐசி ஸ்ட்ரெய்ட் பாயின்ட் ஹூனா ட்லிங்கிட் பழங்குடி மக்களின் நிறுவனத்துக்குச் சொந்தமான துறைமுகம். கரைக்கு அருகிலேயே திமிங்கிலம் தெரியும்.

கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூனோவில் 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்ற வரம்பு இருக்கிறது. 2026 முதல் பயணிகளுக்கும் வரம்பு, சனிக்கிழமை 12,000, மற்ற நாட்களில் 16,000. குரூஸ் லைன் ஏஜென்சீஸ் ஆஃப் அலாஸ்கா வெளியிடும் துறைமுக அட்டவணையில் உங்கள் தேதியில் எத்தனை கப்பல் என்று பார்த்துவிடலாம்.

இனி கம்பெனி

கிளேசியர் பே முக்கியம் என்றால் பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா. தெனாலியில் சொந்த விடுதிகளும் கண்ணாடிக் கூரை ரயில் பெட்டிகளும் வைத்திருப்பவையும் இவைதான். ஹாலந்து கப்பல்கள் அளவில் சிறியவை, அமைதியானவை. கனடாவின் யூக்கான் வரை நிலப்பயணம் வைத்திருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளோடு போனால் நார்வீஜியன், ராயல் கரீபியன். 4,000 பேர் கொள்ளும் கப்பல்களில் மழை நாளிலும் செய்ய ஏதாவது இருக்கும், ஆனால் இறங்கும் வரிசை நீளும். சிறு குழந்தைகளுக்கு டிஸ்னி, கட்டணம் அதிகம். காட்டையும் கடலையும் நெருங்கிப் பார்ப்பதே நோக்கம் என்றால் அன்க்ரூஸ், லிண்ட்பிளாட் போன்ற கம்பெனிகளின், சுமார் நூறு பேரோ அதற்கும் குறைவாகவோ கொள்ளும் கப்பல்கள்: கயாக், ரப்பர் படகு, பெரிய கப்பல் நுழைய முடியாத கடற்கால்கள். கட்டணம் சில மடங்கு. ஆனால் சுற்றுலாக்கள் பெரும்பாலும் அதிலேயே அடங்கும், அதனால் இரண்டு மொத்தத்தையும் போட்டுப் பார்த்தபின் ஒப்பிடுங்கள்.

நிலப்பயணத்தைச் சேர்ப்பவர்கள் முதலில் நிலம், பிறகு கப்பல் என்ற வரிசையை எடுப்பது நல்லது. பெட்டி கட்டி அவிழ்க்கும் அலைச்சல் முடிந்தபின் கப்பலில் ஓய்வு கிடைக்கும். அதற்குத் தெற்கு நோக்கிய பயணம் வேண்டும். தெனாலியில் இரண்டு இரவாவது இருங்கள். மேகத்தால் தெனாலி மலை தெரியாத நாட்களே அதிகம். பூங்காச் சாலை நிலச்சரிவால் 2021 ஆகஸ்டில் 43-ஆவது மைலில் மூடப்பட்டது. பாலம் முடிந்து சாலை திறந்துவிட்டதா என்று பதிவுக்கு முன் பாருங்கள்.

கேபின், பணம், காகிதம்

வடக்கே போகும்போது வலப்பக்கக் கேபின்தான் வேண்டும் என்ற அறிவுரையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்வழியில் இரு பக்கமும் கரை. பனியாற்றின் முன் கப்பலே திரும்பும். ஒரு வழிப் பயணத்தில் மட்டும் ஓரளவு பலன் உண்டு. ஆட்டம் தாங்காதவர்கள் கீழ்த்தளத்தில் நடுப்பகுதியை எடுங்கள். எண் குறிப்பிடாமல் மலிவாக விற்கும் கேபினில் உயிர்காப்புப் படகு ஜன்னலை மறைக்கலாம். பால்கனிக்கும் உள்கேபினுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு விமானச் சுற்றுலாவும் ஒரு திமிங்கிலப் படகும் கிடைக்கும் என்றால், இளையவர்களுக்கு உள்கேபினே லாபம். முட்டிவலியுள்ள பெரியவர்கள் இருந்தால் பால்கனிக்குக் கொடுத்த காசு முழுக்கப் பயன்படும்.

விளம்பரக் கட்டணம் ஒரு கேபினில் இருவர் என்ற கணக்கில், ஆளுக்கு. அதன் மேல் துறைமுக வரி, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ், இணையம், சுற்றுலாக்கள். திமிங்கிலப் படகுக்கு 150 டாலருக்கு மேல், ஹெலிகாப்டரில் பனியாறு என்றால் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. கடைசித் தவணை கட்டும் நாள் வரை கட்டணம் குறைந்தால் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். அதற்குப் பின் கேட்டுப் பயனில்லை.

அமெரிக்க, கனடியக் குடியுரிமை இல்லாதவர்கள் இரண்டு நாடுகளின் அனுமதியையும் பதிவுக்கு முன்பே சரிபாருங்கள். கனடாவுக்கு விசா தேவைப்படும் நாட்டவர்களுக்கு, விக்டோரியாவில் இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் அந்த விசா வேண்டும். இல்லாதவரைச் சியாட்டிலிலேயே ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது. வான்கூவரில் ஏறித் திரும்புபவர்கள் கனடாவுக்குள் இரண்டு முறை நுழைகிறார்கள், ஆகவே பல முறை நுழையும் விசா கேளுங்கள். ஏறும் ஊருக்கு முந்தைய நாளே போய்ச் சேருங்கள், கப்பல் காத்திருக்காது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது விமானத்தில் நோயாளியைக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். அலாஸ்காவின் சிறு துறைமுகங்களில் பெரிய மருத்துவமனை கிடையாது, தீவிர சிகிச்சைக்கு ஆங்கரேஜுக்கோ சியாட்டிலுக்கோதான் பறக்க வேண்டியிருக்கும்.